பதிவு வரும்வரை பிள்ளை எந்த நாட்டவர்?

குடியுரிமைச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் என்று இரண்டு குடும்பங்கள் சொல்கின்றன. ஒன்று, டொராண்டோவில் பல வருடம் இருந்து கனடியக் குடியுரிமை பெற்று, பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்து வாழும் ஒருவரின் குடும்பம். பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தது. இன்னொன்று, யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் குடும்பம். பிள்ளை திருச்சியில், அரசு மருத்துவமனையில் பிறந்தது. இரண்டு வீட்டாரும் எதிர்பார்ப்பது ஒரே பெயருள்ள காகிதத்தைத்தான். ஆனால் முதல் பிள்ளை இன்றைக்கே கனடியப் பிரஜை. காகிதம் வந்தாலும் வராவிட்டாலும் பிரஜைதான். இரண்டாவது பிள்ளையை, காகிதம் வரும்வரை, எந்த நாடும் தன் பிரஜை என்று சொல்லாது.

இந்த வேறுபாட்டை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். குடியுரிமைச் சான்றிதழ்களில் இருப்பதை எழுதித் தருபவை சில, இல்லாததை உண்டாக்குபவை சில. எந்த வகைக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலேயே பலர் வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். நான் முகாமில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் சுலபமான வகையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குடியுரிமை பெற்ற ஒருவருக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், பெற்றோர் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பிரஜையாகியிருக்கும் பட்சத்தில், அந்தப் பிள்ளை பிறந்த கணத்திலிருந்து கனடியர். யாரும் எங்கேயும் பதிய வேண்டியதில்லை. 75 டாலர் கட்டி, ஆவணங்களோடு விண்ணப்பித்தால், அந்தக் குடியுரிமைக்கு அத்தாட்சி தருவார்கள். அவ்வளவுதான். வெளிநாட்டில் பிறந்த கனடியருக்கு மறுபடியும் வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் என்ன என்ற கேள்வி 2009 முதல் பெரிய சிக்கலாக இருந்தது. 2023 டிசம்பரில் ஒன்டாரியோ நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதன்பின் வந்த திருத்தச் சட்டம் 2025 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோர் அதற்கு முன் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஆக, அங்கேயும் காத்திருப்பு உண்டு, எரிச்சல் உண்டு. பாஸ்போர்ட் எடுக்க முடியாது, பயணம் தள்ளிப்போகும். ஆனால் பிள்ளை யார் என்பதில் சந்தேகம் இல்லை.

இலங்கைச் சட்டம் அப்படி இல்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அந்த வருடம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவுதான் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல், பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்கிறது. ஒரு வருடம் தாண்டிவிட்டால், தகுந்த காரணம் இருக்கிறது என்று அமைச்சர் கருதினால் காலத்தை நீட்டிக்கலாம். இதைப் படிக்கும்போது 'இருந்தால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் பிரஜையாக இருந்து, பிறப்பும் பதியப்பட்டிருந்தால்தான் பிள்ளை வம்சாவளிப் பிரஜை. இரண்டாவது 'இருந்தால்' நிறைவேறாதவரை, தாயும் தகப்பனும் எத்தனை தலைமுறை இலங்கையரானாலும், பிள்ளைக்குத் தகுதி மட்டும்தான் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003 வரை இந்தச் சட்டத்தில் தகப்பன் வழிதான் கணக்கு. இலங்கைப் பெண் ஒருவர் வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெற்றால், அவர் வழியாகப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடையாது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம்தான் தாய், தகப்பன் இருவரில் யார் வழியாகவும் பெறலாம் என்று மாற்றியது. 55 வருடம் கழித்து வந்த நீதி அது. முகாமில் இந்தியப் பையனைக் கட்டிய எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள்; இந்தத் திருத்தம் அவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

சரி, இலங்கை ஏற்கவில்லை என்றால், பிறந்த மண்ணாவது ஏற்குமா? இங்கேதான் ஒரு தேதி வந்து குறுக்கே நிற்கிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955 இன் 3 ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த ஏறக்குறைய எல்லாருமே, பெற்றோர் யாராயிருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலிருக்க வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இதன் பொருள் என்ன? ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில் பிறந்த இரண்டு பிள்ளைகளில், 1986 இல் பிறந்த மூத்தது இந்தியப் பிரஜை. 1988 இல் பிறந்த இளையது இல்லை. மூத்ததுக்குத் தான் இந்தியர் என்பதே பல காலம் தெரியாது; அகதி என்றுதான் பதிவு. மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 இல் நீதிமன்றம் அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பக்கத்தில் பலர் தங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தேதி பார்த்தார்கள்.

1988 இல் பிறந்த இளையவர்களின் நிலையைச் சட்ட மொழியில் நாடற்றவர் என்பார்கள். 1954 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை தரும் வரையறை எளிமையானது: எந்த ஒரு நாடும் தன் சட்டத்தின்படி தன் பிரஜையாகக் கருதாத ஒருவர். 'கருதக்கூடிய' என்று இல்லை, 'கருதாத' என்றுதான் இருக்கிறது. பதிந்தால் இலங்கையர் ஆகலாம் என்பது ஒரு வாய்ப்பு. வாய்ப்பைக் காட்டி விமானம் ஏற முடியாது. இந்த உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டது குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைத்தான். அதன் 7 ஆம் உறுப்புரை, ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடன் பதிவும், ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமையும் உண்டு என்கிறது.

2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழும் வெளிப்பதிவுக்காரர்கள் 34 ஆயிரத்துக்கும் மேல். முகாம்களுக்கு அந்த வருடம்தான் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் உள்ளே இருந்த ஒரு பெரிய பங்கு இங்கேயே பிறந்தது.

அப்புறம் ஏன் எல்லாரும் பிறந்த வருடமே பதியவில்லை என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் முகாமை விட்டு வெளியூர் போகவே அனுமதி வாங்க வேண்டும். சென்னை எங்கேயோ இருந்தது. அதைவிட முக்கியம், எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தோமோ அதே அரசாங்கத்தின் வாசலில் போய்ப் பிள்ளையின் பெயரைக் கொடுப்பதா என்ற பயம். இதை முட்டாள்தனம் என்று சொல்ல என்னால் முடியாது. குண்டுச் சத்தம் காதில் இருக்கும்போது யாரும் படிவம் தேட மாட்டார்கள். 1984 இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்தான் முகாம் முகாமாகப் போய், பிறப்பைப் பதியுங்கள், சான்றிதழ் எடுங்கள் என்று சொல்லிச் சொல்லி இந்த வேலையைப் பெரிதாக நகர்த்தியது. அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

விண்ணப்பம் எப்படி நிற்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ஒரு ஞாயிறு காலை, எங்கள் வாசகசாலைத் திண்ணையில், ஒரு அக்கா தன் பத்தொன்பது வயது மகளோடு வந்து ஒரு பிளாஸ்டிக் ஆவணக் கோப்பை என் முன்னால் வைத்தார். மகள் பிறந்தது 2003 இல். கோப்பில் முதலில் இருந்தது மகளின் பிறப்புச் சான்றிதழ். பெயர்க் கட்டம் காலி. தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டார்கள், அதனால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பதினைந்து வருடமும் முடிந்துவிட்டது. இடையில் அரசு கொடுத்த நீட்டிப்பைப் பிடித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது தகப்பன் பெயர். மகளின் சான்றிதழில் செல்வராசா. ஊரிலிருந்து எடுப்பித்த அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் செல்வராஜா. முகாம் பதிவில் செல்வராஜ்.

"மூண்டும் அவர்தான் தம்பி. ஊரில எல்லாரும் செல்வம் எண்டுதான் கூப்பிடுறது" என்றார் அக்கா.

மருத்துவமனையில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். முகாம் பதிவில் எழுதியவர் தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதினார். யாரும் தப்பான எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் கொழும்பில் கோப்பைத் திறக்கும் அலுவலருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். மூன்று பேரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊரில் இதைச் சத்தியக் கடதாசி என்போம், இங்கே அஃபிடவிட். இதே சிக்கல் ஆங்கில எழுத்தில் இன்னும் இரட்டிப்பாகும். தமிழில் ஒரே மாதிரி இருக்கும் பெயரை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு விதமாகவும் இன்னொருவர் இன்னொரு விதமாகவும் ஆங்கிலமாக்குவார்கள். தமிழ்நாட்டில் முன்னால் போடும் இன்ஷியல், இலங்கை ஆவணத்தில் தகப்பனின் முழுப் பெயராக நிற்கும்.

அந்தக் கோப்பைச் சரி பண்ண எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதன் பிறகுதான் விண்ணப்பமே போனது. காத்திருப்பு என்று மக்கள் சொல்வதில் பாதி இந்த ஏழு மாதம்தான். இது அரசாங்கக் கணக்கில் வராது.

விண்ணப்பம் போன பிறகு நடப்பது இது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் கோப்பைப் பார்க்கிறது. குடியுரிமைச் சான்றிதழ் வருவது கொழும்பிலிருந்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலிருந்து. ஒரு வருடம் கடந்த பதிவு என்பதால் தாமதத்துக்கான காரணமும் அதற்கான அனுமதியும் கூடவே வேண்டும். முகாமில் வளர்ந்த பிள்ளை என்றால் அநேகமாகத் தாமதப் பதிவுதான். இதில் ஒரு விஷயம் பலருக்கும் விளங்குவதில்லை. கோப்பின் மேல் இருப்பது பிள்ளையின் பெயர், ஆனால் சரிபார்ப்பது தாய் தகப்பனை. பிள்ளை பிறந்த அன்று பெற்றோர் இலங்கைப் பிரஜைகளா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆதாரம் அவர்களுடைய பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு, திருமணப் பதிவு. படகில் வந்தவர்களிடம் இதில் எத்தனை இருக்கும்? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பதிவேடுகளே போரில் அழிந்திருக்கின்றன. பதிவைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், பதிவாளர் நாயகம் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒரு வழி. ஊரில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருந்து பிரதேச செயலகத்துக்கு நடந்தால் வேலை நடக்கும். யாருமே இல்லாத குடும்பங்கள் கோப்பைத் தொடங்கவே முடியாமல் நிற்கின்றன.

மலையகத்துக் குடும்பங்களுக்கு இதற்கும் அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்ல 1948 க்கே திரும்பிப் போக வேண்டும். அதே பிரஜாவுரிமைச் சட்டம்தான் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபி என்றால், பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், யார் நிரூபிப்பது? 1964 அக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று. 1974 இல் அந்த ஒன்றரை லட்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதரைப் பங்கு பிரித்த அந்தக் கணக்கை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை.

ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்கள் இந்தியர்கள். ஆனால் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கமும் முடிவாகாமல் வன்னிக்கு இடம்பெயர்ந்து, 1983 க்குப் பிறகு அகதியாகப் படகில் வந்த மலையகத்தார் ஆயிரக்கணக்கில் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைக்கு 5(2) பதிவு கேட்டால், முதலில் வரும் கேள்வி, பிள்ளை பிறந்தபோது நீங்கள் பிரஜையா என்பது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் 'இலங்கையில் வசித்த' என்ற சொல், உயிர் தப்பி ஓடி வந்தவர்களை வெளியே நிறுத்தியது. 2009 இல்தான் திருத்தம் கொண்டுவந்து, போர்ச் சூழலால் இந்தியா வந்து முகாமில் இருந்தவர்களையும் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் எடுக்க, தாத்தா தோட்டத்தில் பேர் பதிந்த வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தியா பக்கம் வழி இல்லையா என்றால், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. இலங்கை அதில் இல்லை. உரிய ஆவணமில்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறைக்குள் வருவதால், சாதாரண வழியில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் தடை. 2025 செப்டம்பரில் வந்த புதிய குடிவரவு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. அது ஒரு நிம்மதி. அது குடியுரிமை இல்லை.

இந்த இடத்தில்தான் முகாமில் பெரிய வாக்குவாதம் நடக்கும். இலங்கைச் சான்றிதழ் எடுத்தால் நாளைக்கு இந்தியக் குடியுரிமை கேட்கும் உரிமை போய்விடும், ஆகவே எடுக்காதே என்று ஒரு தரப்பு. என் அபிப்பிராயம் வேறு, ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. 1987 ஜூலை 1 க்கு முன் இங்கே பிறந்தவர்கள், அதற்குப் பின் 2004 டிசம்பர் 3 க்குள் இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்கள், இவர்கள் ஏற்கெனவே இந்தியர்கள். இந்தியச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, பதிவு மூலமோ வேறு வழியிலோ தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்கிறது. ஆகவே இவர்கள் இலங்கைப் படிவத்தைத் தொடும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் கையிலிருப்பது போய்விடலாம். மற்றவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அவர்களை இந்தியாவில் தடுத்து நிறுத்துவது இலங்கைச் சான்றிதழ் இல்லை, சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை. நாடே இல்லாமல் இருப்பதால் அந்த முத்திரை அழிந்துவிடாது. ஒரு நாடாவது பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு, எங்கே போவதானாலும் நிற்க ஒரு இடம் இருக்கிறது.

காத்திருக்கும் காலம் வீட்டில் எப்படி இருக்கும் என்றால், பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும், அரசு தரும் பணக்கொடை வரும், முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கைக்கு எல்லாரும் நிற்போம். ஒரு தேவை வரும்போதுதான் காகிதம் இல்லாதது தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மாமா படிக்கக் கூப்பிடுவார், பாஸ்போர்ட் கேட்பார்கள். கல்யாணம் பேசி வருவார்கள், மாப்பிள்ளை பிரான்ஸில் இருப்பார்; பாஸ்போர்ட் கேட்பார்கள். குடும்பமே ஊருக்குத் திரும்ப முடிவெடுக்கும். வெளியேறும் அனுமதி இந்திய அரசிடம் வாங்க வேண்டும், பயண ஆவணம் இலங்கைத் தூதரகத்தில் வாங்க வேண்டும், பிள்ளைகளின் பதிவு மட்டும் பாதியில் கிடக்கும். அப்படியே திரும்பிப் போன குடும்பங்களும் உண்டு. ஊருக்குப் போனதும் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க முடியவில்லை; இங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். சொந்த மண்ணில், சொந்த மொழியில் படித்துவிட்டு, பரீட்சை மண்டப வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆகவே திரும்பும் எண்ணம் இருப்பவர்கள், எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு படகோ விமானமோ ஏறுங்கள் என்பதைக் கெஞ்சிச் சொல்கிறேன்.

இது இலங்கையருக்கு மட்டுமான விஷயமும் இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரருக்கு அங்கே பிள்ளை பிறந்தால், பிறந்த நாடு குடியுரிமை தராது. இந்தியச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் இந்தியர் என்கிறது. பிந்தினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவும் வேண்டும். தோஹாவில் இருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் இராமநாதபுரத்துக்காரருக்கும் இந்த ஒரு விஷயத்தில் நிலைமை ஒன்றுதான். பிள்ளை பிறந்த மாதமே போய்ப் பதிந்தால் ஆவணம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும், பெற்றோரின் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் போனால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

விண்ணப்பித்துவிட்டு இருப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வைத்திருங்கள், ரசீதின் பின்பக்கம் கொடுத்த தேதியையும் வாங்கியவர் சொன்னதையும் அன்றைக்கே எழுதுங்கள். அந்த அக்காவின் கோப்பு நடுவில் ஒருமுறை எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியாமல் போனது. ரசீது எண்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கைபேசி எண் மாறினால் உடனே எழுதிக் கொடுங்கள். முகாம் மாறினால், வெளிப்பதிவுக்குப் போனால், அதையும் சொல்லுங்கள். கேள்வி கேட்டு வந்த கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், பதில் வரவில்லை என்று கோப்பு ஓரமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். இடைத்தரகர் யாராவது பணம் கொடுத்தால் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்றால் அவரிடம் மூல ஆவணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இருக்கும் ஒரே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போய்விட்டால், மறுபடியும் ஊரில் ஒரு சித்தப்பாவைத் தேட வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்று உடனே மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, நாளைக்குக் கல்யாணப் பதிவு எல்லாமே இதைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த மறுபடி விண்ணப்பம், மறுபடி கொழும்பு. அந்த அக்காவும் மகளும் சென்னைக்குப் போய் வாங்கியபோது நானும் கூட இருந்தேன். கவுண்டரை விட்டு நகராமல் மகள் பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டாள், அக்கா புதுச் சான்றிதழை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். தகப்பன் பெயர் செல்வராஜா என்று இருந்தது. பிறந்த இடம் திருச்சிராப்பள்ளி என்று இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தார்.